கோஸ் வேர் வீங்கியிருந்தால்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகப் பயிர் வைப்பவர்களுக்கு

மார்கழி மாதம், மதியம் 12 மணி. காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறீர்கள். ஆனாலும் காலிஃபிளவர் இலைகள் காயப்போட்ட துணிபோலத் தொங்குகின்றன. சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல நிமிர்ந்து நிற்கின்றன. மறுநாளும் அப்படியே. பத்து நாளில் அடியிலைகள் மஞ்சளாகி, பக்கத்துச் செடி கையகலப் பூ வைக்கும்போது இது மட்டும் எலுமிச்சை அளவில் நின்றுவிடுகிறது.

புதிதாகப் பயிர் வைப்பவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்று செய்வார்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள், அல்லது மருந்துக்கடைக்குப் போய் "செடி வாடுது" என்று சொல்லி எதையாவது வாங்கிவந்து இலையில் அடிப்பார்கள். இரண்டும் வீண். கோளாறு இலையில் இல்லை, மண்ணுக்கடியில் இருக்கிறது. எனவே முதல் வேலை ஒரு செடியைத் தோண்டிப் பார்ப்பது. மருந்து, சுண்ணாம்பு, பயிர் மாற்றம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் படி: தோண்டுங்கள், பிடுங்காதீர்கள்

தண்டைப் பிடித்து இழுத்தால் பக்கவேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். நாம் பார்க்கவேண்டியதே அவற்றைத்தான். செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு அப்படியே தூக்குங்கள். பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மெதுவாக அலசுங்கள். அலசிய தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்ற வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

வேர் வெள்ளையாக, சல்லிசல்லியாக இருந்தால் கவலை இல்லை, வாட்டத்துக்குக் காரணம் வேறு. வீக்கம் இருந்தால்தான் கவனம் தேவை. நம் பகுதியில் ஒரு குழப்பமும் உண்டு. நிலக்கடலையும் உளுந்தும் போட்டுப் பழகிய கைகளுக்கு வேரில் முடிச்சு என்றாலே நல்ல சகுனம். அந்த முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பவை, விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். கோஸ் குடும்பத்துப் பயிர்கள் அப்படிப்பட்ட முடிச்சை வைப்பதே இல்லை. முட்டைக்கோஸ் வேரில் எந்த முடிச்சைப் பார்த்தாலும் அது நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வீக்கம் யாருடையது?

இந்தக் கட்டுரையில் வேறு எதைத் தாண்டினாலும் இந்தப் பகுதியைத் தாண்ட வேண்டாம். கோஸ் வேரை வீங்கவைப்பவர்கள் இரண்டு பேர். இரண்டுக்கும் ஊரில் ஒரே பெயர்தான், "வேர்முடிச்சு". கடைக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அவர் எதை நினைத்துக்கொண்டு எதைக் கொடுப்பார் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஒன்று கிளப் ரூட். நான் இங்கே வேர்வீக்க நோய் என்று எழுதுகிறேன். இன்னொன்று வேர்முடிச்சு நூற்புழு, கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள புழு.

வேர்வீக்க நோயில் வேரே பருத்துவிடும். நடுவில் தடித்து, இரண்டு முனையிலும் ஒல்லியாகி, கதிர்போல நிற்கும். முற்றினால் பல விரல்கள் ஒட்டிய கைபோல, அல்லது சின்னச் சேப்பங்கிழங்குக் கொத்துபோல ஆகிவிடும். வெட்டினால் உள்ளே ஒரே சதையாக இருக்கும், பழையதென்றால் பழுப்பேறி, நாறவும் தொடங்கியிருக்கும். நூற்புழு முடிச்சு வேறு மாதிரி. சல்லிவேர்களில் மணி கோத்ததுபோல வரிசையாகச் சின்ன முடிச்சுகள். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பிளந்து வெளிச்சத்தில் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய, பளபளவென்ற முத்துபோன்ற உருண்டை தெரிந்தால் அதுதான் பெண் புழு. பத்து ரூபாய் பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் சுலபம்.

நான் இதில் ஏமாந்தவன். பாகூர்ப் பக்கம் 20 சென்ட் மணல்சாரி நிலத்தில் காலிஃபிளவர் வைத்திருந்தேன். வேரில் முடிச்சு. எங்கோ படித்த நினைவில் கிளப் ரூட் என்று நானே முடிவுகட்டி, மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு போட்டேன். அடுத்த பட்டத்துக்குக் கத்தரி வைத்தேன், கோஸ் குடும்பம் இல்லையே என்று. கத்தரி வேர் முழுக்க முடிச்சு. குரும்பாபேட்டையில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வேரைப் பையில் போட்டு எடுத்துப்போனபோது, அங்கிருந்தவர் நகத்தால் கிள்ளி முத்தைக் காட்டினார். இரண்டு விநாடி வேலை. நூற்புழுவுக்குக் கத்தரி, வெண்டை, தக்காளி எல்லாம் விருந்து. நான் நோய்க்கு மருத்துவம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு புழுவுக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

இந்தப் பிரிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே போதும். வேர்வீக்க நோய்க்குக் கத்தரி சரியான மாற்றுப் பயிர், நூற்புழுவுக்கு அதுவே தப்பான பயிர்.

எது அதிகம் என்று கேட்டால், கடலூர், புதுச்சேரிக் கடலோரச் சமவெளியில் நான் முதலில் சந்தேகப்படுவது நூற்புழுவைத்தான். அதற்குச் சூடான மணல்பாங்கு மண் பிடிக்கும், அது நம்மிடம் தாராளம். வேர்வீக்க நோய்க்கு வேண்டியது குளிர்ந்த, ஈரமான, அமிலத்தன்மை உள்ள மண். நீலகிரி மாதிரி இடங்களில்தான் இவை மூன்றும் சேர்ந்து அமையும். மண் வெப்பம் 18 முதல் 25 டிகிரி வரை இருக்கும்போது அந்தக் கிருமி சுறுசுறுப்பாக வேலை செய்யும். நம் ஊரில் மார்கழி, தையில் மட்டும் மண் அந்த அளவுக்குக் கிட்டே போகிறது. நாம் கோஸ் வைப்பதும் அப்போதுதான். ஆகவே வராது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. குறிப்பாக நாற்றோ மண்ணோ வெளியிலிருந்து வந்திருந்தால்.

முத்து தெரிந்துவிட்டதா? அப்படியானால் உங்களுக்கு இந்தக் கட்டுரையின் மீதி அவ்வளவாகத் தேவையில்லை. வேப்பம்புண்ணாக்கு போடுங்கள், ஒரு பட்டம் செண்டுமல்லி வையுங்கள், முடிந்தால் ஒரு போகம் நெல் நட்டுத் தண்ணீர் கட்டுங்கள். முத்து தெரியவில்லை, வேரே பருத்திருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

இந்தக் கிருமி எப்படிப்பட்டது

1870களில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்து முட்டைக்கோஸ் வயல்களை இந்த நோய் நாசம் செய்தது. மிகைல் வொரோனின் என்ற தாவரவியலாளர் அதற்குக் காரணமான உயிரியைக் கண்டுபிடித்து 1878இல் வெளியிட்டார். பிளாஸ்மோடியோஃபோரா பிராசிகே என்று பெயர். பூஞ்சை என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். உண்மையில் பூஞ்சையும் அல்ல, பாக்டீரியாவும் அல்ல, ஒருசெல் உயிரிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. பூஞ்சைக்கொல்லி அடித்தால் போய்விடும் என்று நம்பி இருக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணில் இது தடித்த தோல் போர்த்திய விதைபோலத் தூங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் கோஸ் குடும்பத்து வேர் வந்தால் விழித்துக்கொண்டு, மண் ஈரத்தில் நீந்திப்போய் வேர்த்தூவிக்குள் நுழையும். அங்கிருந்து வேரின் சதைக்குள் போய், செடியின் வளர்ச்சி ஹார்மோன்களைத் தாறுமாறாக்கும். செல்கள் பெருத்துப் பெருகுவதால் வேர் வீங்கும். வீங்கிய வேரால் தண்ணீரை மேலே அனுப்ப முடியாது. வெயில் ஏறும்போது இலை துவள்வதும், வெயில் தாழ்ந்ததும் தேறுவதும் அதனால்தான்.

நுழைந்ததிலிருந்து வீக்கம் கண்ணுக்கு நன்றாகத் தெரிய ஏறக்குறைய ஐந்தாறு வாரம் ஆகும். நாம் வாங்கும் நாற்றின் வயதோ 25 நாள்தான். நோய் தொற்றிய நாற்று கைக்கு வரும்போது பச்சைப்பசேலென்று, குற்றம் சொல்ல இடமில்லாமல் இருக்கும். பார்த்து வாங்கினேன் என்று சொல்வதில் பொருளில்லை.

வீங்கிய வேர் அழுகும்போது கோடிக்கணக்கில் புதிய வித்துகள் மண்ணில் சேரும். அவற்றில் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளில் செத்துவிடும். மீதி இருப்பது பத்து, பதினைந்து ஆண்டுகூடத் தாங்கும். ஆக, தொற்றிய செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. மண்ணை நோய்க்குப் பிடிக்காததாக மாற்றுவதும், இல்லாத மண்ணுக்குள் வராமல் பார்த்துக்கொள்வதும்தான் நம் கையில் இருப்பவை.

மூன்றாம் படி: யார் யார் இந்தக் குடும்பம்

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், ப்ராக்கோலி, சீனக்கோஸ், கேல், முள்ளங்கி, டர்னிப், கடுகு, புதுச்சேரி ஓட்டல்களுக்காகச் சிலர் வளர்க்கும் ராக்கெட் கீரை. இவை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சந்தேகம் வந்தால் பூவைப் பாருங்கள், நான்கு இதழ் சிலுவைபோல விரிந்திருக்கும். கேரட்டும் பீட்ரூட்டும் மலைக்காய்கறி என்ற பெயரில் ஒரே கடையில் கிடப்பதால் சொந்தம் என்று நினைக்க வேண்டாம், அவை வேறு குடும்பம். வரப்பில் முளைக்கும் நாய்க்கடுகு பெயரில்தான் கடுகு, அதுவும் வேறு குடும்பம்தான்.

கோஸுக்குப் பிறகு முள்ளங்கி, முள்ளங்கிக்குப் பிறகு காலிஃபிளவர் என்று வைப்பதைப் பயிர் மாற்றம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பலகாரம் மாறியிருக்கிறது, சாப்பிடும் ஆள் மாறவில்லை.

நான்காம் படி: சுண்ணாம்புக்கு முன்னால் மண் பரிசோதனை

"கிளப் ரூட்டா, சுண்ணாம்பு போடு" என்பது உலகெங்கும் சொல்லப்படும் வைத்தியம். நல்ல வைத்தியம்தான். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5க்குக் கீழே இருந்தால் நோய் தலைவிரித்தாடும், 7.2க்கு மேலே கொண்டுபோனால் பெரிதும் அடங்கும். ஆனால் இது அமில மண்ணுக்கான வைத்தியம். நம் பகுதியில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு மண். பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் கொல்லைகள், ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடு இவற்றில் அமிலச் சாய்வு இருக்கலாம். முந்திரியும் பலாவும் கொழிக்கும் மண் அது. கடலோர மணலிலும், சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணிலும், உப்புநீர் ஏறிய கிணற்றடியிலும் பி.எச். ஏற்கெனவே 7.5, 8 என்று நிற்கக்கூடும். அங்கே சுண்ணாம்பு கொட்டினால் இரும்பு, துத்தநாகம், போரான் எல்லாம் செடிக்கு எட்டாமல் பூட்டிக்கொள்ளும். போரான் குறைந்தால் காலிஃபிளவர் பூ பழுப்பேறும், தண்டு உள்ளே கோறையாகும். நோயே இல்லாத வயலுக்கு நாமே ஒரு நோயை வாங்கிக் கொடுத்த கதை.

அதனால் மண் எடுங்கள். நிலத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டி, ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரை கிலோ வரும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். எருக்குழி ஓரம், வரப்போரம், மரத்தடி வேண்டாம். கடலூரில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. விருத்தாசலத்திலும் குரும்பாபேட்டையிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உண்டு. கடலூர், பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களுக்குப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரம். போகும்போது வீங்கிய வேரையும் ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போங்கள்.

ஒரு சின்ன வீட்டுச் சோதனையும் உண்டு. ஒரு கைப்பிடி காய்ந்த மண்மேல் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் அந்த மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது, மேலும் போடத் தேவையில்லை. நுரைக்காவிட்டால் அமிலம் என்று முடிவுகட்டிவிட முடியாது, பரிசோதனை தேவை என்று மட்டும் அர்த்தம். செடியும் ஒரு துப்பு கொடுக்கும். காலிஃபிளவர் இலை அகலமில்லாமல் நடுநரம்பு மட்டும் சாட்டைபோல நீண்டால் மாலிப்டினம் என்ற நுண்சத்தின் பற்றாக்குறை. அது பெரும்பாலும் அமில மண்ணில் வரும் கோளாறு.

பி.எச். குறைவு என்று முடிவு வந்தால், எவ்வளவு சுண்ணாம்பு என்பதை ஆய்வுக்கூடமே சொல்லட்டும். ஒரே பி.எச். இருந்தாலும் களிமண்ணுக்கு அதிகமும் மணலுக்குக் குறைவும் தேவைப்படும். நைஸாக அரைத்த தூளாக வாங்குங்கள், கட்டியும் கல்லுமாக இருப்பது ஆண்டுக்கணக்கில் கரையாமல் கிடக்கும். நடுவதற்கு ஆறு வாரம் முன்னதாகப் போட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு நன்றாகக் கலக்க வேண்டும். மேலே தூவிவிட்டு வந்தால் வேர் இருக்கும் இடத்துக்குப் போகாது. யூரியாவையும் சுண்ணாம்பையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

ஜிப்சம் பற்றி ஒரு வார்த்தை. நிலக்கடலைக்குப் போட்டு மிச்சமான ஜிப்சம் மூட்டை நம் வீடுகளில் திண்ணையோரம் கிடக்கும். "அதுவும் சுண்ணாம்புச் சத்துதானே" என்று அதை அள்ளிப் போடுகிறார்கள். கால்சியம் இரண்டிலும் இருப்பது உண்மை. ஆனால் ஜிப்சம் அமிலத்தைக் குறைக்காது. இந்த நோய்க்கு ஜிப்சம் சுண்ணாம்பின் வேலையைச் செய்யாது.

ஐந்தாம் படி: நாற்றை நீங்களே விடுங்கள்

என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. விதைக்குள் இந்த நோய் வருவதில்லை, நாற்றின் வேர்மண்ணோடுதான் வருகிறது. மலைப்பக்கத்திலிருந்து கட்டாக வரும் நாற்று மலிவாகக் கிடைக்கும். அதோடு எந்த ஊர் மண் சேர்ந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

98 குழி உள்ள குழித்தட்டு, தேங்காய் நார்க்கழிவு, கொஞ்சம் மண்புழு உரம் போதும். மண்ணே தேவையில்லை. விதையைச் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளில், கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் புரட்டுங்கள். நடும்போது லிட்டருக்கு 5 கிராம் கரைத்த நீரில் வேரை நனையுங்கள். ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து வயலிலும் தூவலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் இந்தக் கணக்குதான். சுண்ணாம்பு போட்ட கையோடு இதைப் போடாதீர்கள், இடைவெளி விடுங்கள்.

மாடித்தோட்டக்காரர்களும் ஐந்து பத்துச் செடி வைப்பவர்களும் இன்னொன்று செய்யலாம். நாற்றைக் குழித்தட்டிலிருந்து நேராக நிலத்துக்கு மாற்றாமல், நாலு அங்குலப் பையில் சுத்தமான கலவையில் இன்னும் சில வாரம் வளர்த்து, வேர் நன்றாகப் பின்னிய பிறகு நடுங்கள். இளம் வேரைக் கிருமி பிடித்தால்தான் சேதம் பெரிது. முதிர்ந்த வேர்ப்பந்தோடு போகும் செடி, நோயுள்ள மண்ணிலும் ஓரளவு பூ வைத்துவிடும்.

ஆறாம் படி: தண்ணீரும் மண்ணும் நகராமல்

கிருமி நீந்த ஈரம் வேண்டும். அதனால் ஐப்பசி அடைமழையில் தட்டைப் பாத்தியில் கோஸ் நடுவது வம்பு. மேட்டுப்பாத்தி போடுங்கள், வடிகால் வெட்டுங்கள், பெருமழை ஓய்ந்த பிறகு நடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, தென்பெண்ணை வெள்ளம் எத்தனை கொல்லைகளில் வண்டலைக் கொட்டிவிட்டுப் போனது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி வண்டல் படிந்த நிலத்தின் பழைய பரிசோதனைச் சீட்டு இனி உதவாது. மறுபடி மண் எடுக்க வேண்டும்.

வாடகை டிராக்டரின் ரோட்டவேட்டரில் ஒட்டிவரும் மண்ணைக் கவனியுங்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் கனோலா எனும் எண்ணெய்க் கடுகு வயல்களில் 2003இல் இந்த நோயைக் கண்டார்கள். அதன்பின் வயல் வயலாகப் பரவியதற்கு இயந்திரங்களில் ஒட்டிய மண்ணே முக்கியக் காரணம். பல வயல்களில் நோய் முதலில் தலைகாட்டியது வண்டி நுழையும் வாசலில்தான். உழவுக்கு வரும் தம்பியிடம் "சக்கரத்தைக் கழுவிட்டு வாங்க" என்றால் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, கழுவ நீங்களே ஒரு குடம் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். முதலில் நல்ல பகுதியில் வேலை, கடைசியில் நோயுள்ள பகுதியில் வேலை, அப்புறம் மண்வெட்டியையும் செருப்பையும் அங்கேயே கழுவுவது. அலசிய தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள் என்று முதலில் சொன்னதும் இதற்காகத்தான்.

நோய்ச் செடியை வேரோடு எடுத்து, காயவைத்து எரித்துவிடுங்கள். எருக்குழியில் போடாதீர்கள், வீட்டு எருக்குழியின் சூடு அந்த வித்துகளைக் கொல்லப் போதாது. வீங்கிய முள்ளங்கியை மாட்டுக்கும் போடாதீர்கள். மாட்டின் வயிற்றைத் தாண்டியும் வித்துகள் உயிரோடு வந்து சாணத்தோடு மறுபடி கொல்லைக்கே போகும்.

அந்த இடத்தில் மூன்று ஆண்டாவது கோஸ் குடும்பம் வேண்டாம். நெல், உளுந்து, சோளம், மிளகாய், கத்தரி எது வேண்டுமானாலும் வையுங்கள், நூற்புழு இல்லை என்று உறுதியானால். வெயிலையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கத்திரி வெயில் காலத்தில் நிலத்தை நனைத்து, நிறமில்லாத கண்ணாடி பாலிதீன் தாளை இறுக்கமாக விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் அதே அளவு வேலை செய்யாது. நோயை முழுதாக ஒழிக்காது, ஆனால் மேல்மண்ணில் கணிசமாகக் குறைக்கும், நூற்புழுவையும் சேர்த்து.

மூன்று ஆண்டு கழித்து மறுபடி வைக்கலாமா?

அதற்கு அஞ்சறைப் பெட்டியில் விடை இருக்கிறது. சந்தேகமான இடத்து மண்ணை இரண்டு தொட்டியில் நிரப்புங்கள். மூன்றாவது தொட்டியில் சுத்தமான கலவை, ஒப்பிடுவதற்கு. மூன்றிலும் தாளிக்கிற கடுகைத் தூவி, மண் எப்போதும் ஈரமாக இருக்கும்படி நிழலில் வையுங்கள். சீனக்கோஸ் விதை கிடைத்தால் இன்னும் நல்லது, அது சட்டென்று காட்டிக்கொடுக்கும். மார்கழியில் ஆரம்பியுங்கள். சித்திரை வெயிலில் செய்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகும். ஆறு வாரம் கழித்து எல்லாச் செடியையும் அலசி வேரைப் பாருங்கள். வீக்கம் இருந்தால் நகத்தால் கிள்ளி முத்து தெரிகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

என் பாகூர் நிலத்து மண்ணில் போன மார்கழியில் இப்படி மூன்று தொட்டி வைத்தேன். இரண்டில் சல்லிவேர் சுத்தமாக வந்தது. வரப்போரத்து மண் போட்ட தொட்டியில் மட்டும் நாலைந்து மணி முடிச்சு, உள்ளே முத்து. அந்த ஓரத்தில் இப்போது செண்டுமல்லி பூத்திருக்கிறது.